இடக்கைக்கு எந்த விசைகள்? கணினி விளையாட்டுகளின் விசையமைப்பு

கணினி விளையாட்டில் எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்ற ஏற்பாடே விசையமைப்பு. முன்னால் நடக்க ஒரு விசை, குதிக்க ஒன்று, தோட்டா நிரப்ப ஒன்று, வரைபடத்தைத் திறக்க ஒன்று என்று சாதாரணச் சுடும் விளையாட்டுக்கே இருபது விசைகள் வரை தேவைப்படும். விளையாட்டுக்கென்றே செய்த கேம்பேடில் பொத்தான்கள் விரல் போகும் இடத்திலேயே இருக்கின்றன. விசைப்பலகை அப்படிப்பட்டதல்ல. அது தட்டச்சுக்காக உருவானது; அதன் எழுத்து வரிசை 1870களில் ரெமிங்டன் தட்டச்சுப் பொறியோடு பரவியது. விளையாட்டை மனத்தில் வைத்து அதில் எந்த எழுத்தும் இடம் பெறவில்லை. அதனால் இருக்கிற விசைகளில் எவற்றை எடுத்துக்கொள்வது என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே விளையாட்டு செய்பவர்களையும் ஆடுபவர்களையும் விடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது.

இன்று முப்பரிமாண விளையாட்டு எதைத் திறந்தாலும் நடப்பதற்கு டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகள்தான். டபிள்யூ முன்னால், எஸ் பின்னால், ஏ இடம், டி வலம். எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று தோன்றும் அளவுக்குப் பழகிவிட்ட இந்த ஏற்பாடு 1990களின் கடைசியில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு அமைப்புகள் புழக்கத்தில் இருந்தன. இன்றும் வேறு வகை விளையாட்டுகளில் வேறு அமைப்புகள் நிலைத்திருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பலகையில் எந்தெந்த விசைகள் இருந்தன, இன்னொரு கை எதன்மேல் இருந்தது என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவு செய்திருக்கின்றன. ரசனைக்கு அதில் கிடைத்த பங்கு சிறியது.

அம்பு விசை இல்லாத பலகைகள்

அமெரிக்காவின் எம்ஐடியில் 1962இல் பிடிபி-1 கணினியில் உருவான ‘ஸ்பேஸ்வார்!’ விளையாட்டை முதலில் அந்த இயந்திரத்தின் முகப்பில் இருந்த சோதனைச் சுவிட்சுகளைக் கொண்டே ஆடினார்கள். முழங்கை வலித்தது, திரையும் பக்கவாட்டில் இருந்தது. விரைவிலேயே தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்துகொண்டார்கள். வீட்டுக் கணினி வந்த பிறகு எல்லோரும் அப்படிப் பெட்டி செய்துகொள்ள முடியவில்லை. விசைப்பலகையைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டியிருந்தது.

1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் இட, வல அம்புகள் மட்டுமே இருந்தன. மேலே, கீழே போக விசை கிடையாது. அதனால் 1983இல் வெளிவந்த ‘லோட் ரன்னர்’ எழுத்து விசைகளை எடுத்துக்கொண்டது. ஐ மேலே, கே கீழே, ஜே இடம், எல் வலம். பக்கத்திலிருக்கும் யூ இடப்பக்கம் குழி தோண்ட, ஓ வலப்பக்கம் தோண்ட. வலக்கை ஒரே இடத்தில் நின்று ஆறு செயல்களையும் முடிக்கும். இன்றைய இடக்கை அமைப்பின் கண்ணாடிப் பிம்பம் அப்போதே இருந்தது என்று சொல்லலாம்.

ஜோர்டன் மெக்னரின் ‘கராத்தேகா’ (1984) இன்னும் நுட்பமானது. அதில் க்யூ, ஏ, இசட் மூன்றும் கைக்குத்து. டபிள்யூ, எஸ், எக்ஸ் மூன்றும் கால் உதை. பலகையின் மேல் வரிசை விசை எதிரியின் தலையையும், நடு வரிசை விசை மார்பையும், கீழ் வரிசை விசை அதற்குக் கீழேயும் தாக்கும். எழுத்துக்கும் செயலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விசை இருக்கும் உயரமே அடி விழும் உயரம். இரண்டு மூன்று முறை ஆடிய பிறகு ஆடுபவர் எழுத்தையே பார்ப்பதில்லை. நல்ல விசையமைப்புக்கு அந்தக் காலத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும்.

பல்கலைக்கழகங்களில் வேறொரு மரபு வளர்ந்தது. 1970களின் நடுவில் வந்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் தனி அம்பு விசைகள் இல்லை. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக் குறிகள் அச்சிட்டிருந்தன. அந்த முனையத்தில் பில் ஜாய் எழுதிய ‘விஐ’ என்ற உரைத்திருத்தி அவற்றையே பயன்படுத்தியது. 1980இல் வந்த ‘ரோக்’, 1987இல் வந்த ‘நெட்ஹேக்’ போன்ற நிலவறை விளையாட்டுகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, மூலைவாட்டில் நகர ஒய், யூ, பி, என் விசைகளைச் சேர்த்தன. நான்கு விசைகள் ஒரே வரிசையில் கிடப்பதால் முதல் நாளில் எது மேலே எது கீழே என்று குழம்பும். ஆனால் நாள் முழுவதும் அந்தத் திருத்தியில் நிரல் எழுதியவர்களுக்கு விரல் ஏற்கெனவே பழகியிருந்தது. ஒரு விசையமைப்பு பிடித்துப்போவதற்குப் பழக்கம் எவ்வளவு பெரிய காரணம் என்பதை இந்த வழித்தோன்றலே காட்டிவிடுகிறது. அந்த முனையம் மறைந்துபோன பிறகும் அதன் விசைகள் விளையாட்டுக்குள் வாழ்கின்றன.

பிரிட்டனில் 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 40 ரப்பர் விசைகள் கொண்டது. அம்புகள் 5, 6, 7, 8 எண் விசைகளோடு சேர்ந்து ஒரே நேர்கோட்டில் இருந்தன. ஆடுவதற்கு உதவாத இடம். ஆடுபவர்களும் நிரல் எழுதுபவர்களும் சேர்ந்து கண்ட வழி க்யூ, ஏ, ஓ, பி. பலகையின் இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் க்யூவும் ஏவும் மேலே, கீழே. வலது ஓரத்தில் பக்கம் பக்கமாக இருக்கும் ஓவும் பியும் இடம், வலம். சுடுவதற்கு ஸ்பேஸ் விசை. திசைகள் இரண்டு கைக்கும் பகிர்ந்து கிடைப்பதால் எந்த விரலும் ஓடியாட வேண்டியதில்லை. மவுஸ் தேவைப்படாத காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வந்ததில்லை. அதே நாட்டின் பிபிசி மைக்ரோவில் இட வலத்துக்கு இசட், எக்ஸ் விசைகளும் மேல் கீழுக்கு வலது ஓரத்துக் குறியீட்டு விசைகளும் என்று, ஏறக்குறைய இதே பகிர்வு திரும்பி நின்றது.

அம்பு விசைகள் இன்று காணும் வடிவத்தில், அதாவது மேலே ஒன்றும் கீழே மூன்றுமாக, பரவியதற்கு டெக் நிறுவனத்தின் எல்கே201 பலகை (1982) வழிகாட்டியது. 1981இன் ஐபிஎம் பிசியில் அம்புகள் எண்பலகைக்குள்தான் இருந்தன. 1980களின் நடுவில் ஐபிஎம் தன் 101 விசைப் பலகையில் இந்த வடிவத்தை ஏற்றதும் அது எங்கும் நிலைத்தது.

அம்பு விசைகளின் ஆட்சி

டாஸ் கால விளையாட்டுகளில் வலக்கை அம்புகளின் மேல், இடக்கை கண்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் விசைகளின் மேல். ‘டேஞ்சரஸ் டேவ்’ ஆடியவர்கள் கண்ட்ரோலில் சுட்டு, ஆல்ட்டில் பறந்தார்கள். ஐடி சாஃப்ட்வேரின் ‘வுல்ஃபென்ஸ்டீன் 3டி’ (1992), ‘டூம்’ (1993) இரண்டும் இதே மரபில் வந்தவை: கண்ட்ரோல் சுட, ஸ்பேஸ் கதவைத் திறக்க, ஷிஃப்ட் ஓட. இட வல அம்புகள் உடலைத் திருப்பும். திரும்பாமல் பக்கவாட்டில் நகர ஆல்ட்டை அழுத்திக்கொண்டே அம்பை அழுத்தவேண்டும். ‘டூம்’ பக்கவாட்டு நகர்வுக்குக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளையும் தந்தது.

இப்போது பார்க்கையில் சிரமமாகத் தோன்றினாலும் அன்று அது போதுமானதாக இருந்தது. அந்த விளையாட்டுகளில் தலையை நிமிர்த்தியோ குனிந்தோ பார்க்க முடியாது; எதிரி மாடியில் நின்றாலும் நேராகச் சுட்டால் தோட்டா தானே மேலேறும். குறிபார்ப்பது என்பது இட வலமாகத் திரும்புவது மட்டுமே. அதற்கு இரண்டு விசைகள் போதும்.

மவுஸ் வந்து வலக்கையை எடுத்துக்கொண்டது

1996இன் ‘க்வேக்’ முழுமையான முப்பரிமாணத்தில் அமைந்தது. எதிரி தலைக்கு மேலும் இருப்பான், காலுக்குக் கீழும் இருப்பான். அம்பு விசை ஒரே வேகத்தில்தான் திருப்பும். மவுஸோ கை அசைவின் அளவுக்கே திருப்பும். மவுஸில் குறிபார்ப்பவரை விசையில் குறிபார்ப்பவர் வெல்லமுடியாது என்பது போட்டி ஆட்டங்களில் சீக்கிரமே தெரிந்துபோனது. வலக்கை மவுஸுக்குப் போனதும் நடையை இடக்கை ஏற்கவேண்டியதாயிற்று. அம்பு விசைகள் பலகையின் வலது கோடியில், மவுஸை ஒட்டி இருக்கின்றன. இடக்கையை அங்கே கொண்டுபோனால் இரு கைகளும் நெருக்கியடிக்கும். சுற்றிலும் வேறு விசைகளும் அதிகம் கிடையாது. எழுத்து விசைகளின் இடது பாதிதான் மிச்சம்.

அங்கேயும் எந்த நான்கு என்பதில் ஒருமிப்பு இருக்கவில்லை. 1986இலேயே மேக்கின்டாஷுக்கு வந்த ‘டார்க் காசில்’ டபிள்யூ-ஏ-எஸ்-டி விசைகளில் நடந்து, மவுஸில் கல்லெறியச் செய்தது. முதல் மேக்கின்டாஷ் பலகையில் அம்பு விசையே இல்லை என்பதை நினைவில் கொண்டால் அதன் காரணம் புரியும். ‘சிஸ்டம் ஷாக்’ (1994) ஏ, எஸ், டி, எக்ஸ் விசைகளைத் தேர்ந்தது. ‘டிசென்ட்’ (1995) முன்பின் செல்ல ஏ, இசட் விசைகளைத் தந்தது. ‘க்வேக்’ ஆடியவர்கள் ஆளுக்கொரு அமைப்பை எழுதி வைத்துக்கொண்டார்கள். அதன் அமைப்புக் கோப்பு வெறும் உரைக்கோப்பு என்பதால் மாற்றுவதும் பிறருக்குக் கொடுப்பதும் எளிது.

இந்தச் சிதறலை ஒன்றுசேர்த்தவர் என்று பெரும்பாலும் குறிப்பிடப்படுபவர் ‘த்ரெஷ்’ என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங். 1997இல் அட்லாண்டாவில் நடந்த ‘ரெட் அனிஹிலேஷன்’ க்வேக் போட்டியில் வென்று, ‘க்வேக்’கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்றவர். அவர் ஆடியது டபிள்யூ-ஏ-எஸ்-டி விசைகளில். வெற்றி பெற்றவரின் அமைப்புக் கோப்பை ஆயிரக்கணக்கானோர் பின்பற்றினார்கள். அவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது தவறு. ஆனால் பலரும் தனித்தனியாக வந்துசேர்ந்துகொண்டிருந்த ஓர் இடத்துக்கு அவருடைய புகழ் பெயர்ப்பலகை வைத்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த, வால்வ் நிறுவனம் உருவாக்கிய ‘ஹாஃப்-லைஃப்’ இந்த விசைகளை இயல்பமைப்பாகவே கொண்டு வந்தது. அதன்மேல் உருவான ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ உலகெங்கும், தமிழ்நாட்டு பிரௌசிங் சென்டர்கள் உட்பட, போய்ச்சேர்ந்தபோது விசைகளும் கூடவே போய்ச்சேர்ந்தன.

கை அமரும் விதத்தைப் பார்த்தால் இதன் வசதி தெரியும். நடுவிரல் டபிள்யூவுக்கும் எஸ்ஸுக்கும் இடையே ஏறி இறங்கும். மோதிர விரல் ஏ மேல், ஆள்காட்டி விரல் டி மேல். சுண்டு விரல் தானாகவே ஷிஃப்ட்டிலோ கண்ட்ரோலிலோ விழும், கட்டைவிரல் ஸ்பேஸ் விசையில். ஓடிக்கொண்டே, பக்கவாட்டில் சாய்ந்து, குதிப்பது என்றால் நான்கு விரல்கள் ஒரே நேரத்தில் அழுத்தும். ஒன்றுக்கொன்று வழி மறிக்காது. ஆள்காட்டி விரல் மட்டும் ஒரு நொடி விலகி இ, ஆர், எஃப் விசைகளைத் தொட்டுத் திரும்பும்.

இந்த நான்கு விசைகளே மிகச் சிறந்தவை என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. கையை ஒரு விசை வலப்பக்கம் நகர்த்தி இ, எஸ், டி, எஃப் என்று வைத்தால் இடது ஓரத்தில் ஏ, க்யூ, இசட் மூன்றும் சுண்டு விரலுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். எஃப் விசையின் மேல் இருக்கும் சிறு மேடு, கண்ணால் பாராமலே கையை இடத்தில் வைக்க உதவும். தட்டச்சுக்குக் கை இருக்கும் இடமும் இதுவே. வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் இந்த அமைப்பையே விரும்புபவர். கணக்காகப் பார்த்தால் வாதம் இதன் பக்கம்தான் வலுவாக இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் சொல்ல இருப்பது, சிறிய கை உள்ளவர்களுக்குக் கண்ட்ரோல் எட்டாமல் போகும் என்பதும், ஒவ்வொரு புதிய விளையாட்டிலும் எல்லா விசைகளையும் மாற்றி எழுதவேண்டும் என்பதும். பின்னது பெரிய தடை. இயல்பமைப்பாக வருவதைப் பெரும்பாலானோர் தொடுவதேயில்லை. அவர்கள் பழகியதை அடுத்த விளையாட்டும் இயல்பாக வைக்கிறது. டபிள்யூ-ஏ-எஸ்-டி நிலைத்ததற்கு அதன் தகுதியைவிட இந்தச் சுழற்சியே பெரிய காரணம்.

நான்கைச் சுற்றியுள்ள விசைகள்

நடை விசைகளில் ஒற்றுமை வந்த பிறகும் சுற்றியுள்ளவற்றில் வேறுபாடு தொடர்கிறது. தோட்டா நிரப்ப ஆர், குதிக்க ஸ்பேஸ், பட்டியல் பார்க்க டேப் என்பவற்றில் ஏறத்தாழ எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். கதவைத் திறக்க, பொருளை எடுக்க எந்த விசை என்றால் ‘ஹாஃப்-லைஃப்’ வழிவந்தவை இ என்னும். ‘கால் ஆஃப் டியூட்டி’ வழிவந்தவை எஃப் என்னும். அந்த வரிசையின் 2014ஆம் ஆண்டு விளையாட்டில் மறைந்த வீரருக்கு எஃப் விசையை அழுத்தி அஞ்சலி செலுத்தச் சொன்ன காட்சியால், இணையத்தில் இரங்கல் சொல்ல வெறுமனே எஃப் என்று போடும் வழக்கமே உருவானது.

குனிவதற்கு கண்ட்ரோலா சி விசையா என்பது இன்னொரு பிரிவு. குனிந்தே நீண்ட நேரம் இருக்கவேண்டிய விளையாட்டில் சுண்டு விரலை கண்ட்ரோலில் மடக்கி வைத்திருப்பது மணிக்கட்டை வலிக்கச் செய்யும். அங்கே ஒருமுறை அழுத்தினால் குனிந்து, மறுமுறை அழுத்தினால் எழும் சி விசையே நல்லது. ஒரு நொடி மட்டும் குனிந்து எழும் ஆட்டத்தில் அழுத்திப் பிடிக்கும் கண்ட்ரோல் துல்லியமானது. க்யூவும் இயும் ‘பப்ஜி’, ‘ரெயின்போ சிக்ஸ் சீஜ்’ விளையாட்டுகளில் சுவரோரம் இடம் வலமாகச் சாய்ந்து பார்ப்பதற்கு. ‘வேலரன்ட்’ (2020) அவற்றோடு சி, எக்ஸ் விசைகளைச் சேர்த்துத் திறன்களுக்குக் கொடுத்துவிட்டது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ (2004) ஏ, டி விசைகளை உடலைத் திருப்பவும் க்யூ, இ விசைகளைப் பக்கவாட்டில் நகரவும் வைத்து வந்தது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதல் வேலையாக இதை மாற்றிவிடுவார்கள்; திருப்பும் வேலையை மவுஸே வேகமாகச் செய்யும்போது இரண்டு நல்ல விசைகளை அதற்கு விடுவது வீண்.

வேறு வகை, வேறு வழக்கம்

போர் உத்தி விளையாட்டுகளில் கை நடப்பதில்லை, கட்டளை இடுகிறது. 1998இன் ‘ஸ்டார்கிராஃப்ட்’ கட்டளைகளுக்கு ஆங்கிலப் பெயரின் எழுத்தையே வைத்தது: மரீன் வீரனுக்கு எம், தாக்க ஏ, ரோந்து போக பி. மனத்தில் நிற்பது எளிது. ஆனால் எம்மும் பியும் பலகையின் வலப்பக்கத்தில் இருப்பதால் இடக்கை தாவவேண்டும். ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ (2010) மாற்று வழி ஒன்றைக் கொடுத்தது. திரையின் மூலையில் மூன்று வரிசையாக இருக்கும் கட்டளைப் பொத்தான்கள் எந்த இடத்தில் இருக்கின்றனவோ, பலகையின் இடது பாதியில் அதே இடத்து விசை அவற்றுக்கு உரியது. முதல் கட்டளை க்யூ, அதன் நேர்கீழே ஏ, அதற்கும் கீழே இசட். எழுத்தின் பொருள் போய்விடும். கை நகரவே வேண்டாம். தொடக்கக்காரருக்கு எழுத்து வழியும் நாளும் ஆடுபவருக்கு இட வழியும் ஏற்றவை.

‘வார்கிராஃப்ட் 3’இல் பொருள்களைப் பயன்படுத்த எண்பலகை விசைகள் இருந்தன. மவுஸில் இருக்கும் கையைத் தூக்கி அங்கே கொண்டுபோகவேண்டும். அந்த விளையாட்டிலிருந்து கிளைத்த ‘டோட்டா’வை ஆடியவர்கள் விசைகளை இடம் மாற்றித் தரும் சிறு நிரல்களைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். 2009இல் ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ எல்லா வீரர்களுக்கும் க்யூ, டபிள்யூ, இ, ஆர் என்று மேல்வரிசையின் நான்கு விசைகளையே நிலையாக வைத்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. எந்த வீரரை எடுத்தாலும் பெரிய திறன் ஆர் விசையில்தான், கற்றது வீண்போகாது.

மவுஸ் தேவைப்படாத இருபரிமாண விளையாட்டுகளில் அம்பு விசைகள் இன்றும் ஆள்கின்றன. வலக்கை அம்பில், இடக்கை இசட், எக்ஸ், சி விசைகளில். ஜப்பானின் ‘தோஹோ’ தொடர், ‘கேவ் ஸ்டோரி’ (2004), பிறகு ‘அண்டர்டேல்’, ‘ஹாலோ நைட்’, ‘செலெஸ்ட்’ எல்லாம் இந்த வழியில் வந்தவை. தாள விளையாட்டுகளில் இரு கைகளும் நடுவரிசையில் அமரும். கொரியாவின் ‘ஓ2ஜாம்’ எஸ், டி, எஃப், ஸ்பேஸ், ஜே, கே, எல் என்று ஏழு விசைகளை வைத்தது. சண்டை விளையாட்டுகளில் இட, கீழ், வல திசைகளை மூன்று விரல்களுக்கும், குதிப்பதைக் கட்டைவிரலுக்கும் கொடுத்து ஆடுபவர்கள் பெருகி, அதே அமைப்பில் தனிப் பொத்தான் பெட்டிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. விமான ஓட்டுப் பயிற்சி விளையாட்டுகள் எண்பலகையை விமானக் கைப்பிடியாக்கின. நடுவிலுள்ள 5 எல்லாவற்றையும் நேராக்கும்.

எழுத்தா, இடமா

மேலே சொன்ன அமைப்புகள் எல்லாம் க்வெர்ட்டி பலகையை வைத்துத் தோன்றியவை. பிரான்சின் அசெர்ட்டி பலகையில் க்யூவும் ஏவும், டபிள்யூவும் இசட்டும் இடம் மாறியிருக்கும். விளையாட்டு எழுத்தைப் பார்த்து இயங்கினால் முன்னால் போகும் டபிள்யூ கீழ்வரிசையின் மூலைக்கும், இடப்பக்கம் போகும் ஏ மேல்வரிசைக்கும் போய்விடும், விரல்கள் முறுக்கிக்கொள்ளும். அங்கே ஆடுபவர்கள் இசட், க்யூ, எஸ், டி என்று மாற்றிக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் இசட்டும் ஒய்யும் மட்டும் மாறியிருப்பதால் நடைக்குச் சிக்கல் இல்லை. இசட், எக்ஸ், சி விளையாட்டுகளில்தான் தொல்லை. ட்வோராக் பலகையில் அதே நான்கு இடங்களில் காற்புள்ளி, ஏ, ஓ, இ விசைகள் இருக்கும்.

இதற்குத் தீர்வு எழுத்தை விட்டுவிட்டு விசையின் இடத்தைப் படிப்பது. ஒவ்வொரு விசையும் எழுத்தோடு தொடர்பில்லாத ஓர் எண்ணைக் கணினிக்கு அனுப்புகிறது. அது எந்த எழுத்து என்பதை இயங்குதளம் பிறகுதான் தீர்மானிக்கிறது. உலாவி விளையாட்டுகளிலும் ‘கீ’ என்ற மதிப்பு எழுத்தையும் ‘கோட்’ என்ற மதிப்பு இடத்தையும் தனித்தனியே தருகின்றன. நடை விசைகளை இடத்தாலும், திரையில் காட்டும் குறிப்பை அந்தப் பலகையின் எழுத்தாலும் வைப்பதுதான் சரியான முறை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்த விளையாட்டுகள் பிரெஞ்சுக்காரரிடம் டபிள்யூவை அழுத்தச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 அமைப்பில் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகள் ஈ, அ, இ, உ என்ற உயிரெழுத்துகளைத் தரும். தமிழ் உள்ளீட்டை மாற்றாமல் விளையாட்டைத் திறந்தால், இடத்தைப் படிக்கும் விளையாட்டு வழக்கம்போல் ஓடும். எழுத்தைப் படிப்பது அசையாது. விண்டோஸில் இரண்டு உள்ளீட்டு மொழிகள் வைத்திருப்பவர்களுக்கு இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் மொழி மாறும் என்பதால், ஓடிக்கொண்டே ஆல்ட்டை அழுத்தும் விளையாட்டில் நடுவிலேயே மொழி மாறிவிடுவதும் உண்டு. ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் எழும்பும் ஒட்டு விசை எச்சரிக்கை, விளையாட்டைச் சுருட்டிவிடும் விண்டோஸ் விசை, உலாவியில் குனிந்தபடி முன்னால் நடக்கப் போய் கண்ட்ரோலும் டபிள்யூவும் சேர்ந்து பக்கத்தையே மூடிவிடுவது எல்லாம் இதே குடும்பம்தான். விசையமைப்பை வகுப்பவர் விளையாட்டுக்குள் மட்டும் பார்த்தால் போதாது.

பலகையின் உள்ளே

விசைகளுக்குத் தனித்தனிக் கம்பி கிடையாது. அவை குறுக்கும் நெடுக்குமான கம்பி வலையில் அமைந்திருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒன்றாக அழுத்தினால், அழுத்தாத நான்காவது மூலையும் அழுத்தியதுபோல் தோன்றும். மலிவான பலகைகள் இந்தப் பிழையைத் தவிர்க்க மூன்றாவது விசையையே ஏற்காமல் விட்டுவிடும். ஒரே பலகையில் இருவர் ஆடும் ‘ஃபயர்பாய் அண்ட் வாட்டர்கேர்ள்’ போன்ற விளையாட்டில் ஒருவர் அம்பிலும் மற்றவர் ஏ, டபிள்யூ, டி விசைகளிலும் ஆடும்போது, ஒருவர் குதிக்கும் நேரத்தில் மற்றவர் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு வைத்த பலகைகளில் எத்தனை விசைகளை அழுத்தினாலும் தனித்தனியே பதிவாகும்.

அண்மைக் காலத்தில் பலகையே விளையாட்டுத் திறனில் தலையிடத் தொடங்கியது. ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’கில் ஓடிக்கொண்டே சுட்டால் குறி தவறும். வலப்பக்கம் ஓடுபவர் டி விசையை விட்டதும் ஏவை ஒரு கணம் தட்டினால் உடல் சட்டென நிற்கும். அந்தக் கணத்தில் சுடவேண்டும். முதல் விசையை விடுவதும் இரண்டாவதைத் தொடுவதும் துல்லியமாகப் பொருந்தப் பல மாதப் பயிற்சி வேண்டும். 2024இல் ரேசர் நிறுவனம் ‘ஸ்னாப் டேப்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. நெதர்லாந்தின் வூட்டிங்கும் அதே போன்ற ஒன்றைத் தந்தது. எதிரெதிர்த் திசை விசைகள் இரண்டும் அழுத்தியிருந்தால் கடைசியாக அழுத்தியதை மட்டும் பலகை அனுப்பும். டி விசையை விடாமலே ஏவைத் தட்டினால் போதும். அந்த ஆண்டு ஆகஸ்டில் வால்வ் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் இதைத் தடைசெய்தது. கையின் திறமையாக இருந்ததைக் கருவியின் வேலையாக மாற்றுகிறது என்பதால் அந்தத் தடை நியாயமானது. சண்டை விளையாட்டுகளிலும் எதிரெதிர்த் திசைகளை ஒன்றாக அழுத்தினால் என்ன ஆகவேண்டும் என்பதற்குப் போட்டி அமைப்பாளர்கள் விதி வகுக்கவேண்டி வந்தது.

மாற்றிக்கொள்ளும் உரிமை

இவ்வளவு வேறுபாடுகளுக்கு நடுவில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அமைப்பைத் தேடுவதில் பயனில்லை. ஒவ்வொரு விசையையும் ஆடுபவரே மாற்றிக்கொள்ள வழி இருப்பதுதான் முக்கியம்; அதைச் சலுகையாகக் கருதும் போக்கு மாறவேண்டும். இடக்கையில் மவுஸ் பிடிப்பவருக்கு டபிள்யூ-ஏ-எஸ்-டி பயன்படாது. அவர் ஐ, ஜே, கே, எல் விசைகளையோ எண்பலகையையோ எடுத்துக்கொண்டு, இ, ஆர், எஃப் விசைகளில் இருக்கும் எல்லாச் செயல்களையும் வலப்பக்கம் கொண்டுவரவேண்டும். நடை விசைகளை மட்டும் மாற்றவிட்டு மற்றவற்றை நிலையாக வைக்கும் விளையாட்டில் இவரால் ஆடவே முடியாது.

ஒரு கையால் ஆடுபவர்கள், விரல்களில் வலுக் குறைந்தவர்கள், நடுக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்குத் தேவைகள் இன்னும் வேறு. அழுத்திப் பிடிக்கவேண்டிய செயலை ஒருமுறை தட்டினால் போதும் என்று மாற்றுவது, ஒரே விசையை வேகமாகப் பலமுறை தட்டச் சொல்லும் இடங்களைத் தவிர்க்க வழி தருவது, ஒரு செயலுக்கு இரண்டு விசைகளை அனுமதிப்பது, மவுஸின் பக்கப் பொத்தான்களையும் ஏற்பது ஆகியவை நிரல் எழுதுபவருக்குப் பெரிய வேலை அல்ல. மாற்றிய விசை ஏற்கெனவே வேறொன்றுக்கு இருந்தால் எச்சரிக்கவேண்டும். வாகனம் ஓட்டும்போதும் நடக்கும்போதும் ஒரே விசை வேறு வேறு செயலுக்கு வந்தால் அவற்றைத் தனித்தனியே மாற்றவிடவேண்டும். ‘ஸ்டார்கிராஃப்ட்’ முதல் பதிப்பில் விசைகளை மாற்ற விளையாட்டுக்குள் வழி இருக்கவில்லை; 2017இல் வந்த அதன் புதுப்பித்த பதிப்புதான் அதற்கு இடம் கொடுத்தது.